மேலே நிற்கிறவள்

எங்கள் வீட்டில் மூன்று பேர், மூன்று பேருக்கும் பிழைப்பு ஒரே கயிறு. என் வீட்டுக்காரர் தண்ணீருக்குள் இறங்குவார், இல்லையென்றால் மகன் இறங்குவான். இறங்காதவர்கள் படகில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்போம். கப்பல் பட்டறையில், கப்பலைத் தள்ளும் விசிறியில் சுற்றிக்கொண்ட வலையை அறுப்பது, அடித்தட்டில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவது, யாராவது விழுந்துவிட்டால் தேடி எடுப்பது, இதுதான் வேலை. பட்டறைத் தண்ணீர் எண்ணெயும் சேறும் கலந்த கஷாயம். முழங்கையை உள்ளே விட்டால் விரல் தெரியாது. கீழே போகிறவனுக்குக் கண் இருந்தும் இல்லாததுதான். அவனுக்கு இருப்பது இரண்டு. மூச்சுக்குக் கம்ப்ரஸரிலிருந்து போகும் காற்றுக்குழாய், உயிருக்கு இடுப்பில் கட்டிய கயிறு.

கயிற்றில்தான் பேச்சு. மேலிருந்து ஒரு சுண்டு சுண்டினால் 'நல்லா இருக்கியா' என்று அர்த்தம். கீழிருந்து ஒன்று வந்தால் 'இருக்கேன்'. இரண்டு என்றால் கயிறு விடு. மூன்று என்றால் தேடினது கிடைத்துவிட்டது. நாலு மேலிருந்து போனால் 'மேலே வா', கீழிருந்து வந்தால் 'இழு'. இவ்வளவுதான் எங்கள் பாஷை. கோபத்துக்கும் மன்னிப்புக்கும் இதில் எண் கிடையாது.

ஆனாலும் ஆளுக்கு ஆள் கை மாறும். என் வீட்டுக்காரரைப் பட்டறையில் நீர்க்காகம் என்றுதான் கூப்பிடுவார்கள். நீர்க்காகத்துக்கு எதையும் ஒழுங்காகச் செய்து பழக்கமில்லை. 'இருக்கியா' என்று சுண்டினால் சாவகாசமாக ஒன்று வரும். அதன் வாலில் ஒரு சின்ன உதறல் வரும். 'இருக்கேன்டி, தொந்தரவு பண்ணாதே' என்கிற உதறல். மகன் அப்படியில்லை. சுண்டின உடனே சுத்தமாக ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதைப்போல. அப்பா சொன்ன சட்டத்தில் ஒரு நூல் பிசகமாட்டான்.

இறங்குவதற்கு முன்னால் அவர் படகின் ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரே வரியில் ஜெபத்தை முடித்துவிடுவார்.

"மேல இருக்கறவர் விடமாட்டார், மேல நிக்கறவளும் விடமாட்டா. ஆமென்."

ஆண்டவரையும் என்னையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டாரே என்று நான் திட்டுவேன். மகன் சிரிப்பான். "நடுவுல இருக்கற கயிறு மட்டும்தான்ப்பா பழசு" என்பான்.

கயிறு பழசில்லை. அவன் செத்ததற்குக் கயிறு காரணமில்லை.

கடலிலிருந்து பட்டறைக்குள் கப்பல் நுழையும் வாசலில் இருப்பது பழைய இரும்புக் கதவு. மூடியிருந்தாலும் அடியில் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எங்கே உறிஞ்சுகிறது என்று பார்க்க மகன் இறங்கினான். அன்று எனக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்துவிட்டேன். கயிற்றைப் பிடித்திருந்தது அவன் அப்பா. 'இருக்கியா' என்று சுண்டினாராம், ஒன்று வந்ததாம். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி சுண்டினாராம், மறுபடி ஒன்று. அப்படியே வந்துகொண்டிருந்ததாம். போனவன் வரவில்லையே என்று நாலு சுண்டினாராம். அதற்கும் ஒன்றுதான் வந்ததாம்.  பலம் கொண்ட மட்டும் இழுத்திருக்கிறார். அறுந்த கயிறும் நசுங்கிப் பிய்ந்த காற்றுக்குழாயும் மேலே வந்தன. குழாய் இழுத்தபோது அறுந்ததா, அதற்கு முன்பே அறுந்ததா என்று யாருக்கும் தெரியாது. தான் இழுத்ததில்தான் அறுந்தது என்று அவராக முடிவு செய்துகொண்டார்.

பின்னாலேயே குதிக்கப் போனவரை, கம்ப்ரஸர் ஓட்டுகிற என் அண்ணன் இடுப்போடு கட்டிப் பிடித்துப் படகில் கிடத்தியிருக்கிறார். இல்லாவிட்டால் அன்றைக்கே இரண்டு பிணம்.

அவர் வீட்டுக்கு வந்ததும் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "கயிறு உங்க கையிலதானே இருந்துச்சு?" அதற்குப் பிறகு நான் அவரிடம் பேசவில்லை. சாப்பாட்டை வைத்தேன், எடுத்தேன். அவர் கட்டிலில் இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். மகனுடைய செருப்பு வாசலில் கிடந்தது. அதை இருவருமே தாண்டித் தாண்டிப் போனோம்.

பாஸ்டர் வந்தார். சின்ன வயது, நல்ல மனிதர், ஆனால் வாயில் தயாராகப் பத்து ஆறுதல் வைத்திருப்பார். "கர்த்தர் வழிநடத்துவார் சிஸ்டர், அவர் கரம் குறுகிப் போகல" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அன்னிக்குக் கயிறோட மேல் நுனியை கர்த்தர்தானே பாஸ்டர் பிடிச்சிருந்தாரு? அப்ப அந்தக் கரம் எங்க போச்சு?" என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்ததற்காக அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்துப்போனது.

போலீஸ் முக்குளிப்பவர்கள் இரண்டு தடவை பாதி வரை இறங்கிவிட்டு, கதவோரம் இழுப்பு அதிகம், எங்களால் ஆகாது என்று உடுப்பைக் கழற்றிவிட்டார்கள். பட்டறை அதிகாரி எங்களை அறைக்குக் கூப்பிட்டார். சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நாளைக்குக் காலைல கப்பல் உள்ள வருதும்மா. கதவைத் திறந்துதான் ஆகணும். என் கையில ஒண்ணும் இல்ல."

கதவு திறந்தால் அடியில் கிடக்கிறதெல்லாம் கடலுக்குப் போய்விடும். மகனைப் புதைக்க ஒரு குழிகூட எங்களுக்கு மிச்சமிருக்காது. என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

"இன்னிக்கு நான் இறங்கறேன்."

"மாப்ள, கீழ சிக்கினா உன்னை எடுக்க இன்னொரு முக்குளிப்பான் வேணும்" என்றார் அண்ணன். "யாரு இருக்கா?"

 இன்னொரு முக்குளிப்பான் கதவடியில் கிடந்தான்.

"கயிறை யாரு பிடிப்பா?" என்றார் அண்ணன் மறுபடி.

அவர் என்னைப் பார்க்காமல், "அவ பிடிப்பா" என்றார்.

படகில் நாங்கள் மூன்று பேர், நான்காவதாகப் பாஸ்டர். வேண்டாம் என்று சொல்லியும் நல்ல சப்பாத்தோடு வந்து ஏறினார். என் வீட்டுக்காரர் உடுப்பை மாட்டினார், ஈய பெல்ட்டைக் கட்டினார். கழற்றிய சட்டையை எடுத்து, கை மடித்து, காலர் மடித்து, பலகை மேல் வைத்தார்.

 கல்யாணமானதிலிருந்து இந்த மனுஷன் ஒரு சட்டையை மடித்து நான் பார்த்ததில்லை. கழற்றின இடத்தில் பந்தாகக் கிடக்கும். மறுபடி மாட்டப்போகிறவன் சட்டையை மடிக்கமாட்டான். இவர் மகனை மேலே அனுப்பிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடத்தான் போகிறார். அது எனக்குப் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது.

ஓரத்தில் உட்கார்ந்தார். கண்ணை மூடினார்.

"மேல இருக்கறவர் விடமாட்டார்" என்றார். நிறுத்தினார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். மிச்சத்தை நான்தான் சொல்லவேண்டும் என்பதைப்போலப் பார்த்தார். எனக்கு வாய் வரவில்லை. மகன் குரல்தான் காதில் கேட்டது, நடுவுல இருக்கற கயிறு மட்டும்தான்ப்பா பழசு என்று. ஆமென்கூடச் சொல்லாமல் அவர் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

கயிறு என் உள்ளங்கையில் ஓடியது. கதவுப் பக்கம் போய் நின்றது. ஒன்று சுண்டினேன். சாவகாசமாக ஒன்று வந்தது, வாலில் உதறல். கொஞ்சம் மூச்சு வந்தது எனக்கு. இரண்டு வந்தது, கயிறு விட்டேன். மறுபடி இரண்டு. பிறகு அசைவில்லை.

ஒன்று சுண்டினேன். உடனே ஒன்று வந்தது.

"எப்படி இருக்கான்?" என்றார் அண்ணன்.

"இருக்காரு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சுண்டினேன். மறுபடி ஒன்று, சுத்தமாக. பாஸ்டர் "ஸ்தோத்திரம்" என்றார். நானும் உள்ளுக்குள் ஸ்தோத்திரம் சொல்லப் போனேன். பாதியில் நின்றுவிட்டேன். வாலில் உதறல் எங்கே?

மறுபடி சுண்டினேன். ஒன்று. சுத்தமாக, உடனே, ஆஜர் சொல்வதைப்போல. அது என் வீட்டுக்காரர் கை இல்லை. அது என் மகனுடைய கை.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், என் பிள்ளை கீழே உயிரோடு இருக்கிறான் என்று நினைத்துவிட்டேன். பெற்ற வயிறு அப்படி நினைக்கத்தான் செய்யும். அடுத்த கணம் விளங்கியது. கயிறு கதவின் இரும்பு இடுக்கில் மாட்டியிருக்கிறது. அடியில் உறிஞ்சுகிற தண்ணீர் அதை விறைப்பாக வைத்திருக்கிறது. நான் சுண்டினால் கயிறு ஒரு விரற்கடை வருகிறது. தண்ணீர் அதைப் பிடுங்கிக்கொள்கிறது. எனக்குப் பதில் சொன்னது தண்ணீர்.

அன்றைக்கு அவருக்குப் பதில் சொன்னதும் இதே தண்ணீர்தான். நீர்க்காகத்தின் உதறல் தண்ணீருக்கு வராது. பிசகாத பிள்ளையின் சுண்டு அதற்கு அச்சு அசலாக வந்துவிட்டது. யார் பிடித்திருந்தாலும் நம்பியிருப்பார்கள். நானே இப்போது நம்பினேனே.

"மாட்டிக்கிச்சு. இது அவர் இல்ல, தண்ணி" என்றேன்.

"இழு பாப்பா, இழு!" அண்ணன் கம்ப்ரஸரை விட்டுவிட்டு ஓடிவந்து கயிற்றில் கை வைத்தார்.

"கையை எடுண்ணே!" நான் கத்திய கத்தலில் கரையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அன்னிக்கு இழுத்துத்தான் கயிறு போச்சு. இழுத்தா அறுந்துடும்."

"அப்ப விடு!"

"விட்டா தண்ணி மிச்சக் கயிறையும் உள்ள வாங்கிடும். அவருக்கு வழி தெரியாது."

கண் தெரியாத இடத்தில் சிக்கியவனுக்குத் திரும்பிவர ஒரே வழி அவன் கயிறுதான். கைமாற்றிக் கைமாற்றி அதைப் பிடித்துக்கொண்டே சிக்கின இடத்துக்கு வந்து, விடுவித்துக்கொள்ளவேண்டும். அதற்குக் கயிறு விறைப்பாக நிற்கவேண்டும். மேலே நிற்கிறவள் இழுக்கவும் கூடாது, தளர்த்தவும் கூடாது, சுண்டவும் கூடாது. சும்மா பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். உலகத்திலேயே கொடிய வேலை அதுதான். அதுவும் அவன் வருவான் என்று நம்பித்தான் நிற்கவேண்டும். இவர் சட்டையை மடித்துவைத்துவிட்டு அல்லவா போயிருக்கிறார்.

பாஸ்டர் சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தார். "சத்தம் போடாம ஜெபிங்க பாஸ்டர். வந்து என் பின்னாடி கயிறைப் பிடிங்க" என்றேன். வந்தார். சப்பாத்து எண்ணெயில் வழுக்கியது. கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்காலோடு என் பின்னால் நின்று பிடித்தார். அவர் மூச்சு என் பிடரியில் பட்டுக்கொண்டிருந்தது.

நானும் ஜெபித்தேன். அதற்கு ஜெபம் என்று பெயர் வைக்கலாமா, தெரியாது. ஆண்டவரே, இத்தனை வருஷமும் நான் சுண்டினேன், ஒன்று வந்தது. காய்ச்சல் விட்டால் நீர் என்றேன், வேலை கிடைத்தால் நீர் என்றேன். அதெல்லாம் நீர்தானா, இல்லை தண்ணீரா? என் பிள்ளைக்குக் கைவிரித்தீரே, அப்போது நீர் எங்கே நின்றீர்? இதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டேன். ஒன்றும் வரவில்லை. உள்ளங்கை தோல் உரிந்து கயிறு சிவந்தது. நான் கேட்டேன், விடவில்லை.

எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்காதீர்கள். கயிறு திடீரென்று கையில் துள்ளியது. சிக்கல் விட்டுவிட்டது.  பிறகு, நான் கேட்காமலே, சாவகாசமாக ஒன்று. வாலில் உதறல்.

நான் ஓவென்று அழுதேன். அழுதுகொண்டே பிடித்திருந்தேன். கயிறு மெதுவாக நகர்ந்தது, நின்றது. மூன்று வந்தது. கிடைத்துவிட்டான். வெகுநேரத்துக்குப் பிறகு நாலு வந்தது.

இழுத்தோம். மகன்தான் வந்தான். அவனைப்பற்றி நான் எழுதப்போவதில்லை. கக்கத்துக்கு அடியில் அவன் அப்பாவின் கயிறு கட்டியிருந்தது. தொட்டிலைக் கட்டுகிற பதனத்தோடு கட்டியிருந்தார்.

கயிறு இவன்மேல் இருக்கிறதென்றால் அவர்மேல் இல்லை.

அண்ணன் தண்ணீரைக் காட்டினார். குமிழிகள் கதவோரம் ஒரே இடத்தில் வந்துகொண்டிருந்தன. நகரவில்லை. காற்று போகிறது, ஆள் மூச்சு விடுகிறார், ஆனால் வரவில்லை.

"உட்காந்துட்டான்" என்றார் அண்ணன். அவருக்குச் சாமியும் கிடையாது, பூதமும் கிடையாது, டீசல் மட்டும்தான்.  "பாவி, உட்காந்துட்டான் பாப்பா. கூப்பிட வழி இல்லையே."

கத்தியை எடுத்து மகன்மேல் இருந்த முடிச்சை அறுக்கப் போனார். "அறுக்காதே, முழுக் கயிறும் வேணும்" என்று பிடித்துத் தள்ளினேன். நனைந்த முடிச்சு இளகுமா? பல்லால் கடித்து இழுத்தேன். வாயெல்லாம் சேறும் எண்ணெயும். அவிழ்ந்தது. கயிற்று நுனியில் திறந்து மூடும் இரும்பு வளையம் ஒன்றைக் கட்டி, அதைக் காற்றுக்குழாயின்மேல் மாட்டி விட்டேன். குழாயைப் பிடித்துக்கொண்டே வளையம் சறுக்கிப் போகும். போய் நிற்கிற இடம் அவர் முதுகுதான்.

கயிறு ஓடியது. நின்றது. நாலு சுண்டினேன். வா.

ஒன்றும் இல்லை.

நாலு. வா. நாலு. வா. எங்கள் பாஷையில் மன்னிப்புக்கு எண் இல்லை என்றேனே. நாலையே அதற்கும் வைத்துக்கொண்டேன். நாலு. பேசாமல் இருந்த நாட்களுக்கெல்லாம் சேர்த்து நாலு. கயிறு உங்க கையிலதானே இருந்துச்சு என்று கேட்டதற்கு நாலு. பின்னால் பாஸ்டரும் என்னோடு சேர்ந்து இழுத்திழுத்து விட்டார், அந்த மனிதருக்கு அர்த்தம்கூடத் தெரியாது.

கயிறு கனத்தது. ஒன்று வந்தது. உதறல், இந்தத் தடவை நீளமான உதறல். பிறகு நாலு.

படகின்மேல் தூக்கிப்போட்டு மாஸ்க்கைக் கழற்றினேன். உதடு நீலம். முதலில் மகனைத் தேடினார், பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவனைத்தான் அனுப்பிட்டேன்ல. என்னை எதுக்குக் கூப்ட்ட?"

"நாலு வந்தா வரணும். நீங்க போட்ட சட்டம்தானே?"

"நான் நேரா அங்க உக்காந்துடலாம்னுதான் போனேன்." பல் தந்தியடித்தது. "கயிறு மாட்டிக்கிச்சு. மேல இருந்து ஒண்ணுமே வரல. சரி, விட்டுட்டா, அவ கோவம் அவளுக்குன்னு நெனச்சேன். கையை வெச்சுப் பார்த்தா கயிறு விறைப்பா நிக்குது. இழுக்கவும் இல்ல, விடவும் இல்ல. அப்படியே இருக்கு. பேசாதவ பிடிச்சுட்டு நிக்கறா. அதுக்கப்புறம் என்னால அங்க உக்கார முடியல. அவனை அனுப்பினப்ப திரும்பியும் புத்தி கெட்டுச்சு. நீ நாலு அனுப்பிட்ட."

நான் அவர் காதோரம் குனிந்தேன். இதை மற்றவர்கள் கேட்கவேண்டாம் என்று தோன்றியது.

"எனக்கும் ஒண்ணு வந்துச்சுங்க. நீங்க மாட்டிட்டுக் கிடந்தப்ப. அச்சு அசலா அவன் கை. நானும் நம்பிட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். புரிய நேரமானது. புரிந்ததும், மகன் போனதிலிருந்து அழாத மனிதர், என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அடிபட்ட மாட்டைப்போலக் கதறினார். அண்ணன் கம்ப்ரஸரை நிறுத்தினார். பாஸ்டர் தன் கோட்டைக் கழற்றி மகன்மேல் போர்த்தினார்.

மறுநாள் கப்பல் உள்ளே வந்தபோது நாங்கள் கல்லறைத் தோட்டத்தில் இருந்தோம். இப்போதும் அவர் இறங்குகிறார், நான் பிடிக்கிறேன். ஜெபத்தில் 'மேல இருக்கறவர்' என்கிற அந்த முதல் பாதியைச் சொல்ல அவருக்கு ரொம்ப நாள் நா எழவில்லை. நான்தான் சொன்னேன். நம்பிக்கை பொங்கி வழிந்து சொல்லவில்லை. அன்றைக்குக் கீழே இருந்தவருக்கும் மேலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை, ஆனாலும் ஒருத்தி பிடித்திருந்தாள், அது எனக்குத் தெரியும். அதனால் சொன்னேன்.

ஆனால் என் மகன் கணக்கு அதில் தீரவில்லை. அவன் கயிற்றின் மேல் நுனியை யார் பிடித்திருந்தார், பிடித்திருந்தால் ஏன் விட்டுவிட்டார் என்று இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பதில் வரவில்லை. கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறேன்.